வேலைநேர நெகிழ்ச்சியும் அதனை அளக்கும் கோலும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



ஆண்டு விழாவில் ஊருக்குப் பயன்படத்தக்க ஒரு பொருளைப் பற்றிப் பேசும்படி மன்றத்தார் எங்களைப் பணித்தார்கள். சமயப் பொருளை எடுத்துரைக்க இம்மேடையில் எங்களினும் தகுதி வாய்ந்த பெரியோர் உளர். ஆகவே நாங்கள் பல்கலைக்கழகத்திற் படிக்கும் துறையைச் சார்ந்ததும், அதே வேளை பழுகாமத்து வீடுகளில் நாள்தோறும் அடிபடுவதுமான ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டோம். அது வேலைநேரம். இன்னும் திட்டமாகச் சொன்னால், பிறரிடம் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒருவரின் நேரம் எவ்வளவு நெகிழ்ச்சியுடையது, அந்த நெகிழ்ச்சியை அளக்க முடியுமா, ஒரு வேலையோடு இன்னொரு வேலையை வைத்து ஒப்பிட முடியுமா என்பதே எம் பொருள்.

உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைக்கு ஒரு வேலை வருகிறதென்றால், பெற்றோர் முதலிற் கேட்பது சம்பளம் எவ்வளவு என்பது. அடுத்தது, எத்தனை மணிக்குப் போய் எத்தனை மணிக்கு வருவது என்பது. வேலைக்கு ஆள் சேர்க்க வருவோர் இக்காலத்தில் இதற்கொரு புது மறுமொழி வைத்திருக்கிறார்கள். "நேரமெல்லாம் வசதிபோலத்தான், அம்மா" என்கிறார்கள். 'வசதி' என்ற சொல் காதுக்கு இனியது. யாருடைய வசதி என்று திருப்பிக் கேட்ட தாயை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்று பார்ப்போம். 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, அலுவலக ஊழியர் சட்டம் நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என்று எல்லை வகுத்தது. அதற்கு மேற்பட்ட நேரத்துக்கு ஒன்றரை மடங்கு கூலி, வாரத்தில் ஒன்றரை நாள் ஓய்வு, ஆண்டுக்கு 14 நாள் வருடாந்த லீவு, 7 நாள் அமய லீவு என்பனவும் அதிலே உண்டு. தொழிற்சாலையிலே பெண்கள் செய்யும் மேலதிக வேலை மாதத்துக்கு 60 மணித்தியாலத்தைத் தாண்டலாகாதென்பது 2002ஆம் ஆண்டில் வந்த திருத்தம். உலக அளவிற் பார்த்தால், சர்வதேச தொழிலாளர் தாபனம் 1919இல் வாஷிங்டனிற் கூடிச் செய்த முதலாவது சமவாயமே நாளுக்கு 8, வாரத்துக்கு 48 என்னும் கணக்கைப் பற்றியதுதான். இவையெல்லாம் தொழிலாளர் பல காலம் போராடிப் பெற்ற பேறுகள். குறைத்து மதிப்பிட நாம் முன்வரவில்லை. ஆயினும் இவை யாவும் நேரத்தின் நீளத்தை அளப்பவை. நீளம் தெரிந்துவிட்டாற் போதுமா?

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். ஒரு வீட்டில் அக்காளும் தங்கையும் வேலை செய்கிறார்கள். அக்காள் களுவாஞ்சிகுடியில் ஒரு கந்தோரிலே. தங்கை வெளியூரில் ஓர் ஆடைத் தொழிற்சாலையிலே. இருவருக்கும் வாரத்துக்கு 45 மணித்தியாலந்தான். தாய்க்குக் காய்ச்சல் வந்தது. அக்காள் மேலதிகாரியிடம் சொல்லிவிட்டு இரண்டு மணித்தியாலம் பிந்திப் போனாள். மறுநாள் இரண்டு மணித்தியாலம் அதிகம் இருந்து ஈடு செய்தாள். தங்கைக்கும் அந்த வாரத்தில் நேரம் மாறியது. எவ்வாறு? பின்னேரம் நான்கு மணிக்கு மேற்பார்வையாளர் வந்து, 'இன்றைக்கு ஏழு மணிவரை வேலை. கப்பலுக்குப் போகவேண்டிய சாமான்' என்றார். வெள்ளிக்கிழமை வேலை குறைந்தபோது நேரத்தோடு அனுப்பிவிட்டார்கள். வாரக் கணக்கு மீண்டும் 45. புத்தகத்திலே இருவர் நேரமும் மாறியிருக்கிறது. இருவர் நேரமும் 'நெகிழ்ச்சி' உடையதுதான். ஆனால் தாயின் தலைமாட்டில் இருந்தவள் ஒருத்தி மாத்திரமே.

இதிலிருந்து நாம் அறியவேண்டியது ஒன்றுண்டு. நேரம் மாறுகிறதா என்று மட்டும் பார்த்து நெகிழ்ச்சியை அளந்தால், ஊழியரை அதிகம் இழுத்தலைக்கும் நிறுவனமே அதிகப் புள்ளி பெற்றுவிடும். ஆகவே மாற்றத்தை இரண்டு பத்தியில் எழுதவேண்டும். வேலை செய்பவர் தாமாக மாற்றிய நேரம் ஒரு பத்தி. வேலை கொடுப்பவர் மாற்றிய நேரம் மறு பத்தி. முன்னையதற்குக் கூட்டற் குறி, பின்னையதற்குக் கழித்தற் குறி. இரண்டையும் ஒரே பத்தியிற் போட்டுக் கூட்டுவது, வரவையும் செலவையும் ஒன்றாய்க் கூட்டிப் பணக்காரன் என்று சொல்லிக்கொள்வதைப் போலாகும்.

இனி, இதை அறிஞர்கள் எவ்வாறு அளக்கிறார்கள் என்று கேட்கலாம். ஐரோப்பாவில், டப்ளின் நகரத்தைத் தலைமையிடமாகக் கொண்ட ஒரு தாபனம் 1990ஆம் ஆண்டு தொடங்கிச் சில ஆண்டுகளுக்கொருமுறை வேலை நிலைமைகளைப் பற்றிய ஒரு பெரிய விசாரணை நடத்தி வருகிறது. 2015இல் நடந்ததில் 35 நாடுகளில் ஏறத்தாழ 44,000 பேரை நேரிற் கண்டு கேட்டார்கள். அதிலே ஒரு வினா மிக எளியது: உமது வேலைநேரம் எப்படி நிர்ணயிக்கப்படுகிறது? விடை நான்கு. நிறுவனம் விதிக்கிறது, மாற்ற இடமில்லை என்பது ஒன்று. நிறுவனம் வகுத்து வைத்த சில நேரங்களுள் ஒன்றைத் தெரிந்துகொள்ளலாம் என்பது இன்னொன்று. குறித்த எல்லைக்குள் நானே முன்பின் ஆக்கலாம் என்பது மூன்றாவது. முழுவதும் என் கையில் என்பது கடைசி. அத்தனை செல்வமும் சட்டமும் உள்ள ஐரோப்பிய ஒன்றியத்திலேயே பாதிக்கு மேற்பட்டோர் முதலாவது விடையைத்தான் சொன்னார்கள். சுவீடன், டென்மார்க், நெதர்லாந்து முதலிய நாடுகளில் மூன்றாவது விடை சொல்வோர் மிகுதி. பல்கேரியா, சைப்பிரசு முதலியவற்றில் முதலாவது விடையே மிகப் பெரும்பாலோருடையது.

இந்த நான்கு விடைகளை நமது சந்தியிலே கொண்டுவந்து கேட்டால் ஒரு வேடிக்கை நிகழும். முச்சக்கர வண்டி ஓட்டும் தம்பி, 'முழுவதும் என் கையில்' என்பார். கடைக்கார ஐயாவும் அதையே சொல்வார். ஆனால் தம்பிக்கு இரவு பதினொரு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு ஓட்டம் வந்தால் எழுந்துதான் போகவேண்டும். கடைக்கார ஐயா கலியாண வீட்டுக்குப் போனாலும் மனம் கடையிலேதான். சொந்தத் தொழிலாளரையும் சம்பளத்துக்கு நிற்பவரையும் ஒரே தட்டில் வைத்து ஒப்பிட்டால் சொந்தத் தொழில் மலிந்த ஊர் சுதந்திர பூமிபோலத் தோன்றும். ஆதலால் ஒப்பிடும்போது ஊழியரை ஊழியரோடு மாத்திரமே ஒப்பிடவேண்டும்.

அந்த விசாரணையில் எங்களுக்கு மிகவும் பிடித்தவை வேறு இரண்டு வினாக்கள். சொந்த அலுவலுக்கோ வீட்டு அலுவலுக்கோ வேலைநேரத்தில் ஒன்றிரண்டு மணித்தியாலம் எடுத்துக்கொள்வது எளிதா, கடினமா என்பது முதலாவது. உமது நேரம் மாறும்போது எவ்வளவு முன்னதாக அறிவிக்கிறார்கள், அன்றைக்கே அறிவிக்கிறார்களா, முதல் நாளா, சில நாட்கள் முந்தியா, சில வாரங்கள் முந்தியா என்பது மற்றது. இந்த 'முன்னறிவித்தல்' என்னும் விஷயத்திலே சற்று நின்று பேச வேண்டும். ஏனெனில் அதற்கு ஐரோப்பாவுக்குப் போகத் தேவையில்லை. நமது வட்டைகளிலேயே பாடம் இருக்கிறது.

பெரும்போகமானாலும் சிறுபோகமானாலும், குளத்து நீரை நம்பிய வயல்களுக்கு முதலிற் பயிர்ச்செய்கைக் கூட்டம் கூடுகிறது. அதிகாரிகளும் வட்டவிதானைமாரும் விவசாயிகளும் ஒருங்கிருந்து, முதல் தண்ணீர் எந்த நாளில் திறப்பது, விதைப்பை எந்த நாளில் முடிப்பது, மாடுகளை எந்த நாளுக்குமுன் அப்புறப்படுத்துவது, கடைசித் தண்ணீர் எந்த நாளில் மறிப்பது என்பவற்றையெல்லாம் பேசித் தீர்மானிக்கிறார்கள். கூட்டத்திற் சத்தமும் எழும், சண்டையும் வரும், தீர்மானித்த நாள் சில வேளை மழையால் தவறியும் போகும். ஆயினும் வேலை செய்யப்போகிறவன் அந்த இடத்தில் இருந்தான். நாள் குறிக்கப்படும்போது அவன் வாய் திறந்தான். குறித்த நாள் அவனுக்கு முன்னரே தெரிந்தது. மழையையும் யானையையும் எதிர்பார்த்து நிற்கும் ஒரு தொழில், மனிதனுக்கு முன்னறிவித்தல் கொடுக்கிறது. மின்விசிறியும் மணிக்கூடும் உள்ள தொழிற்சாலை நான்கு மணிக்குச் சொல்லி ஏழு மணிவரை நிறுத்துகிறது. இயற்கையை நம்பிய வேலை ஒழுங்கற்றது, இயந்திர வேலை ஒழுங்கானது என்று பள்ளிப் புத்தகத்திலே படித்தோமே! எங்களை வளர்த்த மிஷன் பாடசாலையிலே மணியே அரசன். மணிக்குக் கீழ்ப்படியாதவன் சோம்பேறி என்பதே அங்கு நாங்கள் கற்ற முதற்பாடம். அந்த மணி ஒருநாளும் தன் நேரத்தைத் தானே மாற்றிக்கொண்டதில்லை என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறோம்.

நெகிழ்ச்சி எப்போதும் நல்லது, இறுக்கம் எப்போதும் கெட்டது என்று யாரும் கொள்ளவேண்டாம். பாடசாலை ஆசிரியரைப் பாருங்கள். காலை ஏழரை தொடக்கம் ஒன்றரை வரை; ஒரு நிமிடம் அசைக்க இயலாது. ஐரோப்பிய வினாவுக்கு அவர் சொல்லும் விடை முதலாவது விடைதான்; அதாவது மிகக் குறைந்த நெகிழ்ச்சி. ஆனால் ஒன்றரைக்குப் பின் அந்த நாள் அவருடையது. நாளைக்கும் அப்படி, அடுத்த மாதத்துக்கும் அப்படி. கழித்தற் பத்தியில் எழுத ஏறக்குறைய ஒன்றுமில்லை. நமது தாய்மார் மகளுக்கு ஆசிரியர் உத்தியோகம் வேண்டுமென்று நேர்வது இந்தக் கணக்கை விரலாலேயே போட்டு வைத்திருப்பதால் என்று நாம் எண்ணுகிறோம். ஆஸ்பத்திரித் தாதியின் நிலை வேறு. இரவும் பகலும் மாறி மாறி முறை வரும். முறைப்பட்டியல் முன்கூட்டியே தொங்கவிடப்படும். அவசரமென்றால் ஒருவர் முறையை மற்றவர் ஏற்றுக்கொள்வர். மேலிடம் கொடுக்காத நெகிழ்ச்சியைத் தோழிமார் தமக்குள்ளே உண்டாக்கிக்கொள்கிறார்கள். இதைச் சட்டப் புத்தகத்திலே தேடினாற் காணமுடியாது, கேட்டாற்றான் தெரியும்.

நெகிழும் வேலைநேரம் என்ற ஏற்பாடு பிறந்த கதையையும் சுருக்கமாகச் சொல்லவேண்டும். ஜேர்மனியில் மியூனிக் நகருக்கு அண்மையில் ஒட்டோபுரூன் என்னும் இடத்திலே பொல்கோ என்ற விமானத் தொழில் நிறுவனம் 1967இல் இதைத் தொடங்கிற்று. காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயிலுக்கு வந்ததால் தெரு அடைத்தது, பலர் பிந்தினார்கள். கிறிஸ்டெல் கமரர் என்ற அம்மையாரின் யோசனை கைகொடுத்தது. நடுவில் எல்லோரும் இருக்கவேண்டிய சில மணித்தியாலம்; அதற்கு முன்னும் பின்னும் அவரவர் விருப்பம்; மொத்தக் கணக்கு மாத்திரம் சரிவரவேண்டும். அரை நூற்றாண்டு கழித்து, 2017 செப்டெம்பரில், நமது அரசாங்கமும் பத்தரமுல்லைக் கந்தோர்களிலே இதுபோன்ற ஒரு முறையைப் பரீட்சித்தது. அங்கேயும் காரணம் தெரு நெரிசல்தான். ஊழியரின் பிள்ளைகுட்டியைக் கருதி முதலில் யாரும் இதைத் தொடங்கவில்லை என்பது கவனிக்கத்தக்கது. ஆயினும் பயன் அவர்களுக்கும் கிடைத்தது, அதை மறுப்பானேன்?

விடுமுறையை நெகிழ்ச்சி என்று எண்ணிக்கொள்வது இன்னொரு மயக்கம். இந்நாட்டில் 1966 முதல் 1971 வரை சனி ஞாயிறு ஓய்வு நாளாக இருக்கவில்லை. போயா நாளை ஒட்டியே வார ஓய்வு வந்தது. சந்திரனின் கணக்கு ஏழில் அடங்காததால், ஓர் ஓய்வுக்கும் அடுத்த ஓய்வுக்கும் இடையே நாட் கணக்குச் சில வாரம் கூடிற்று. நாடு முழுவதன் வாரமே அசைந்தது. ஆனால் ஒரு தனி ஊழியராவது தம் ஓய்வு நாளைத் தாம் தெரிந்தாரா? இல்லை. 2022 ஜூனில் நடந்தது நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். எரிபொருளும் இல்லை, உணவுக்கும் தட்டுப்பாடு; அரச ஊழியர் வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று மூன்று மாதத்துக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்க அமைச்சரவை இணங்கிற்று. சுகாதாரம், நீர், மின்சாரம் போன்ற அத்தியாவசிய சேவைக்காரருக்கு அது இல்லை. நல்ல எண்ணத்தோடு செய்த காரியம். மண்வெட்டி தூக்கியவர்களும் உண்டு. ஆனால் வயல் வேலை செவ்வாய்க்கிழமை வந்தால் வெள்ளிக்கிழமை ஓய்வால் என்ன பயன்? கொடுத்த நாளை எடுத்துக்கொள்ளலாம். வேண்டிய நாளைக் கேட்க முடியாது. அந்த நான்கு விடைகளில் இதுவும் முதலாவது விடைக்குள்ளேயே அடங்கும்.

கேட்கும் உரிமையைச் சட்டமாக்கிய நாடுகள் உண்டு. பிரித்தானியாவில் 2003இல் சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கும், 2014இல் ஆறு மாதம் சேவை செய்த எல்லா ஊழியருக்கும், 2024 ஏப்பிரல் முதல் வேலையிற் சேர்ந்த முதல் நாளிலிருந்தே எவருக்கும், நேரத்தை மாற்றித் தரும்படி விண்ணப்பிக்கும் உரிமை கிடைத்தது. வேலை கொடுப்பவர் தகுந்த காரணம் காட்டி மறுக்கலாம். நெதர்லாந்து 2000ஆம் ஆண்டுச் சட்டத்தால், ஊழியர் தம் வேலை மணித்தியாலத்தைக் குறைக்கவோ கூட்டவோ கேட்டால் பலத்த காரணமின்றி மறுக்கக்கூடாதென்று இன்னும் ஒரு படி மேலே போயிற்று. இவ்விரு நாடுகளையும் ஒப்பிடுவோர், விண்ணப்பித்தோர் எத்தனை பேர், பெற்றோர் எத்தனை பேர் என்று எண்ணாமல் சட்டத்தை மாத்திரம் படித்தால் ஏமாந்து போவார்கள்.

இங்கே அளவையைப் பற்றி ஒரு நுட்பம். களத்திலே நெல் அளக்கும்போது மரைக்கால் ஒன்றுதான். குவித்தளந்தால் ஒரு கணக்கு, தலைதட்டி அளந்தால் வேறொரு கணக்கு. வேலைநேரத்தையும் அப்படித்தான் அளக்கிறார்கள். 2004ஆம், 2005ஆம் ஆண்டுகளில் ஐரோப்பாவின் 21 நாடுகளிலே 21,000க்கு மேற்பட்ட வேலைத்தலங்களின் முகாமையாளரிடம் வேலைநேர ஏற்பாடுகளைப் பற்றி விசாரித்தார்கள். ஊழியரின் பிரதிநிதி இருந்த இடங்களில் அவரிடமும் கேட்டார்கள். இவ்வாறு இருபுறமும் கேட்பது அவசியம். முகாமையாளர், 'எம்மிடம் அந்த வசதி உண்டு' என்பார். அவர் பொய் சொல்லவில்லை. விதிப் புத்தகத்தில் உண்டு. தையல் இயந்திரத்தின் முன்னிருக்கும் பிள்ளை, 'கேட்கப் பயம்' என்பாள். அவளும் பொய் சொல்லவில்லை. ஏட்டிலுள்ள நெகிழ்ச்சி ஒன்று, கைக்கு எட்டும் நெகிழ்ச்சி இன்னொன்று.

கைக்கு எட்டாததற்குப் பயம் மாத்திரம் காரணமன்று, விலையும் உண்டு. ஆடைத் தொழிற்சாலைகளிலே சம்பளத்தோடு வரவுக் கொடுப்பனவு என்று ஒன்று கொடுக்கும் வழக்கம் பரவியிருக்கிறது. மாதம் முழுவதும் தவறாது வந்தால் முழுத் தொகை. லீவு எடுத்தால் குறையும், சில இடங்களில் முற்றாய்ப் போகும். ஆகவே லீவு 'உண்டா' என்று கேட்டாற் போதாது. அரை நாள் லீவு எடுத்தால் அந்த மாதக் கடைசியிற் கையில் எவ்வளவு குறைகிறது என்று கேட்கவேண்டும். அந்தக் குறைவுதான் அந்த அரை நாளின் உண்மை விலை. சந்தையிலே கத்தரிக்காயின் விலையை நான்கு இடம் விசாரிக்கும் நாம், பிள்ளையின் அரை நாளுக்கு என்ன விலை என்று விசாரிப்பதில்லை.

அடுத்தது காத்திருக்கும் நேரம். இது அளவைக்கு அடங்காத பிள்ளை. கிறிஸ்தவ வேதத்திலே, திராட்சைத் தோட்டத்துக்கு ஆட்களை அமர்த்திய எசமான் ஒருவனைப் பற்றிய உவமை வருகிறது. பாடசாலையிலே பலமுறை கேட்டிருக்கிறோம். காலையில் வந்தவனுக்கும் மாலையில் வந்தவனுக்கும் ஒரே கூலி கொடுத்தான் என்பதே எல்லோருக்கும் நினைவிலிருப்பது. மாலையில் அமர்த்தப்பட்டவர்கள் நாள் முழுவதும் கடைத்தெருவில் யாராவது கூப்பிடுவார்களா என்று நின்றவர்கள் என்பதும் அதிலே உண்டு. அந்த நிற்றலும் அவர்களுடைய நாளைத் தின்றது. இன்று கடைத்தெருவுக்குப் பதிலாகக் கைத்தொலைபேசி. பிரித்தானியாவிலே 'பூச்சிய மணித்தியால ஒப்பந்தம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். எத்தனை மணித்தியாலம் வேலை தருவோம் என்று முதலாளி உறுதி சொல்வதில்லை. பெயரில்லாவிட்டாலும் பொருள் இங்கேயும் உண்டு. விடுமுறைக் காலத்தில் எங்களுட் சிலர் பட்டினத்துக் கடையொன்றில் வேலைக்குப் போனோம். கடையின் பெயர் வேண்டாம். 'வேண்டும்போது கூப்பிடுவோம்' என்றார்கள். கூப்பிட்ட நாள் மூன்று. கூப்பிடுவார்களோ என்று எங்கும் போகாமல் இருந்த நாள் பதினொன்று. கூலி மூன்று நாளுக்கு.

இதை எவ்வாறு கணக்கிடுவது? 2008இல் ஜெனீவாவிற் கூடிய தொழிலாளர் புள்ளிவிபர அறிஞரின் 18ஆவது மகாநாடு வேலைநேரத்தை அளப்பதற்கு ஒரு தீர்மானம் செய்தது. உண்மையில் வேலை செய்த நேரம், கூலி கொடுக்கப்பட்ட நேரம், ஒப்பந்தத்திலுள்ள நேரம், வழக்கமாகச் செய்யும் நேரம், மேலதிக நேரம் என்று அவற்றைத் தனித்தனியே பிரித்துக் காட்டிற்று. வேலைநேர ஏற்பாடு என்பதை நீளத்தால் மட்டுமன்றி, நாளில் எப்போது வருகிறது, எவ்வளவு நிலையானது அல்லது நெகிழ்வது என்பதாலும் விவரிக்கவேண்டும் என்றது. அழைப்புக்குக் காத்திருக்கும் நேரத்தை, அது மனிதனின் நடமாட்டத்தை எவ்வளவு கட்டிப்போடுகிறது என்பதைக் கொண்டு மதிக்க இடமளித்தது. பெல்ஜியத்தில் நிவெல் நகரத்துத் தீயணைப்பு வீரர் ஒருவர், அழைத்தால் 8 நிமிடத்துக்குள் நிலையத்தில் நிற்கவேண்டும் என்ற கட்டளையோடு வீட்டிலே காத்திருந்தார். அவ்வாறு காத்திருந்ததும் வேலைநேரமே என்று 2018இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் தீர்த்தது. வாடியிலே யானைக் காவலுக்குப் படுத்திருந்த நமது பாட்டன்மாரை அந்த நீதிபதிகளிடம் யாரும் கூட்டிச் செல்லவில்லை. அவர்கள் விழித்திருந்த நேரமா, தூங்கிய நேரமா, கூலிக்குரிய நேரம் எது என்று ஒரு வழக்கு நடந்திருந்தால் கேட்கச் சுவையாக இருந்திருக்கும்.

ஜெனீவாத் தீர்மானம் வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வரும் பயணத்தை வேலைநேரத்தில் சேர்க்கவில்லை. நாடுகளை ஒப்பிடுவோருக்கு அது சரியாக இருக்கலாம். படுவான்கரையாருக்குச் சரிவராது. எழுவான்கரையிலிருப்பவர் பெருந்தெருவில் இறங்கி நின்றால் ஒரு பஸ் இல்லாவிட்டால் இன்னொரு பஸ். நமக்கு வாவி ஒன்று இடையிலே கிடக்கிறது. பட்டிருப்புப் பாலம் கடக்கவேண்டும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அப்பகுதியாரும், மண்டூர்த் துறையிலே நின்றவர்களும், பாதை வரும்வரை கரையிலே காத்துக் கிடந்தவர்கள். வேலை ஐந்து மணிக்கு முடிந்தால் ஒரு பஸ். ஐந்தரைக்கு முடிந்தால் அந்த பஸ் இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். முகாமையாளர் அரை மணித்தியாலம் நெகிழ்த்தினார். வீட்டுக்கு வந்து சேரும் நேரம் ஒன்றரை மணித்தியாலம் பிந்திற்று. ஒரே நெகிழ்ச்சி, எழுவான்கரைப் பிள்ளைக்கு அரை மணித்தியாலம், படுவான்கரைப் பிள்ளைக்கு ஒன்றரை. ஆகவே நமது கோலிலே பயணத்தையும் சேர்த்தே அளக்கவேண்டும் என்பது எங்கள் துணிபு. பேராசிரியர்கள் ஒப்பாவிட்டாற் பரவாயில்லை.

இவ்வளவும் எதற்காக என்று முன்வரிசையிலிருக்கும் ஐயாமார் எண்ணக்கூடும். இவ்வாண்டும் நம் ஊரிலிருந்து பிள்ளைகள் வேலைக்குப் போகப் போகிறார்கள். சிலர் தொழிற்சாலைக்கு, சிலர் பட்டினக் கடைகளுக்கு, சிலர் மத்திய கிழக்குக்கு. முன்னே போனவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்களுக்குத் தெரியும், எந்த வேலையில் நேரம் யார் கையில் இருக்கிறதென்று. அந்த அறிவு வீட்டுத் திண்ணைக்கு அப்பால் வருவதில்லை. ஒருத்தி பட்டறிந்ததை அடுத்த தெருவுப் பிள்ளை மீண்டும் பட்டுத்தான் அறிகிறாள். அதை எழுதி ஒரு புத்தகமாய் வைத்தாலென்ன என்பதே எங்கள் யோசனை.

அதற்கென ஒரு வினாத்தாளை நாங்கள் ஆயத்தம் செய்திருக்கிறோம். ஒரு பக்கத்துக்கு மேற்படாது. சென்ற நான்கு வாரத்தில் உமது வேலைநேரத்தை நீராக மாற்றிய தடவைகள் எத்தனை, அவர்கள் மாற்றிய தடவைகள் எத்தனை என்று தொடங்குகிறது. அவர்கள் மாற்றியபோது எப்போது சொன்னார்கள் என்று தொடர்கிறது. அரை நாள் லீவின் விலை, கூப்பிடுவார்கள் என்று காத்திருந்த நாட்கள், வேலை முடிந்து வீட்டு வாசலை மிதிக்கும் நேரம் ஆகியவையும் உண்டு. கடைசி வினாவை எங்கள் ஆச்சி ஒருவர் சொல்லித் தந்தார்: திரௌபதை அம்மன் சடங்குக்கு ஊருக்கு வர லீவு கேட்டபோது என்ன மறுமொழி கிடைத்தது? நாங்கள் வகுத்த எல்லா வினாக்களிலும் இதுவே கூர்மையானதென்று நினைக்கிறோம். ஏனெனில் சடங்கு நாள் முன்கூட்டியே தெரிந்த நாள். இரு பக்கத்தாருக்கும் போதிய அவகாசம் உண்டு. அப்படியிருந்தும் மறுத்தார்களென்றால் மற்றவற்றைக் கேட்கவே தேவையில்லை.

வினாத்தாளில் யாரும் தம் பெயரை எழுதவேண்டாம். முதலாளியின் பெயரும் வேண்டாம். வேலையின் வகை, அது இருக்கும் ஊர், ஆணா பெண்ணா, அவ்வளவும் போதும். வேலைகளை வகைவாரியாகப் பிரித்து இரண்டு பத்தியாய் எழுதுவது எங்கள் பொறுப்பு. ஒரு வகைக்கு ஐந்து பேராவது விடை தராவிட்டால் அந்த வகையைப் புத்தகத்திற் சேர்க்கமாட்டோம். இரண்டு பேர் சொன்னதைக் கொண்டு ஒரு தொழிலைப் புகழவோ பழிக்கவோ கூடாது. தாள்கள் மன்றச் செயலாளரிடம் இருக்கின்றன. சடங்குக்கு வெளியூரிலிருந்து வந்தவர்கள் திரும்பிப் போகுமுன் ஒன்றை வாங்கி நிரப்பிக் கொடுக்கவேண்டும். பத்து நிமிடம் பிடிக்கும். எழுத வசதிப்படாத தாய்மாருக்கு எங்கள் மாணவியர் வாசித்துக் கேட்டு எழுதித் தருவார்கள்.